பிந்தி வந்த குரல்

அக்கா பாரிசவாதத்தில் விழுந்து எழும்பி எட்டு மாதம் ஆகியிருந்தது. கால் தேறிவிட்டது, பேச்சும் பழையபடி வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பித்த காலத்தில் சின்னப் பிள்ளைகளுக்காக அவர் எழுதி மெட்டமைத்த பாட்டுகளைப் பதிவு செய்து வைப்போம் என்று நான்தான் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு சனிக்கிழமை காலை சம்மதித்தார்.

உடுவிலில் எங்கள் வீட்டு நடு அறையில் ஜன்னலுக்கு மெத்தையைச் சாத்திவிட்டு மைக்கை நிறுத்தினேன். மைக்கின் ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் சின்னப் பெட்டி ஒன்றைப் புதிதாக வாங்கியிருந்தேன். பாட்டுகளுக்கான தபேலாவை முன்பே பதிவு செய்தாகிவிட்டது. அதையும் மைக்கில் விழும் தன் குரலையும் ஹெட்போனில் கேட்டபடி அக்கா பாடவேண்டும்.

இரண்டாவது அடியில் தடுமாறினார். மறுபடி தொடங்கினார். மறுபடியும் அதே இடம். மூன்றாம் தரம் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“என்ரை தாளம் போயிட்டுது தம்பி. இந்த வாத வருத்தம் அதையும் கொண்டுபோயிட்டுது.”

பதிவைப் போட்டுக் கேட்டேன். குரல் தபேலாவுக்குப் பின்னால் இழுபட்டது. ஒரு நிமிடம் நானும் அவர் சொன்னதை நம்பினேன். அந்த ஒரு நிமிடத்துக்காக இன்றைக்கும் எனக்கு வெட்கம்.

அவர் எழும்பிப் போன பிறகு ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு மைக்குக்கு முன்னால் கை தட்டினேன். திறந்த காதில் ஒரு தட்டல் கேட்டது. சற்றுப் பிந்தி மற்றக் காதில் இன்னொன்று. தன் குரலே தனக்குப் பிந்தி வந்தால் யார்தான் தாளத்தில் நிற்பார்கள்?

குசினியில் அடுப்படியில் நின்றவரிடம் போய்க் காரணத்தைச் சொன்னேன்.

“என்னைத் தேற்றச் சொல்லுறாய். விடு,” என்றார் திரும்பிப் பாராமலே.

விட எனக்கு மனமில்லை.

கணினி ஒலியைச் சிறு சிறு துண்டுகளாகச் சேர்த்துத்தான் அனுப்பும். துண்டு பெரிதானால் தாமதம் கூடும். அதைச் சிறிதாக்கினேன். தாமதம் குறைந்தது, ஆனால் தாளிதம் வெடிப்பதுபோல் படபடவென்று சத்தம். பெரிதாக்கினால் சத்தம் நின்று தாமதம் திரும்பியது. வைஃபையை நிறுத்தினேன், மின்சாரத்தை மிச்சம்பிடிக்கும் செட்டிங்கை மாற்றினேன். படபடப்பு கொஞ்சம் அடங்கியதே தவிர நிற்கவில்லை. அடுத்த நாள் மருதனார்மடச் சந்தியில் கணினி திருத்துபவரிடம் கொண்டுபோனேன்.

“இது பழசு அண்ணை, புதுசு ஒண்டு எடுங்கோ,” என்றார்.

தூக்கிக்கொண்டு திரும்பி வந்தேன். அதற்குப் பிறகு வேலை முடிந்து வந்ததும் ஒவ்வொரு பின்னேரமும் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஒரு தரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, கை தட்டிப் பார்ப்பது, எழுதி வைப்பது. வியாழக்கிழமைதான் கண்ணில் பட்டது. பதிவு செய்யும் சொஃப்ட்வெயார் அந்தப் புதுப் பெட்டிக்கென்று செய்த டிரைவரை, அதாவது அதை இயக்கும் நிரலை, பயன்படுத்தவே இல்லை. கணினியோடு வந்த பொது டிரைவரிலேயே ஓடிக்கொண்டிருந்தது. சரியானதை இறக்கி மாற்றியதும், மிகச் சிறிய துண்டிலும் படபடப்பு இல்லை. ஆனாலும் ஒரு இழை பிந்தியது. குரல் இனிமையாக இருக்கட்டும் என்று நானே போட்டிருந்த எதிரொலி எஃபெக்ட்தான் அது. அதையும் எடுத்தேன். தட்டினேன். இரண்டு காதிலும் ஒரே தட்டல். உடனே அக்காவைக் கூப்பிட்டேன்.

“பாட வேண்டாம் அக்கா. ஒருக்காக் கையைத் தட்டுங்கோ.”

என் கரைச்சல் தாங்காமல் வந்து உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு தட்டினார். என்னைப் பார்த்தார். ஆதி தாளத்தை ஒரு சுற்றுப் போட்டார், பிறகு அதையே இரட்டை வேகத்தில் போட்டார்.

“அண்டைக்கு இப்பிடிக் கேக்கேல்லை.”

“ஓம். பிழை கொம்பியூட்டரிலைதான்.”

ஹெட்போனை இரண்டு காதிலும் சரியாக இழுத்துவிட்டார். கண் கலங்கியிருந்தது. “அப்ப தபேலாவைப் போடு,” என்றார்.

இந்த முறை நிற்கவில்லை. நடுவில் ஒரு சொல் மறந்தபோது அந்த இடத்தில் வேறொரு சொல்லை வைத்துத் தாளம் பிசகாமல் கடந்துபோனார். பதிவைக் கேட்டுவிட்டுத் தலையைச் சரித்தார்.

“குரல் நடுங்குது. பரவாயில்லை, பிள்ளையளுக்கு விளங்கும். அடுத்ததைப் போடு.”

இருட்டுவதற்குள் மூன்று பாட்டுகள் முடிந்தன.