சீனிச் சரையில் வந்த நீலப் பற்றீரியா

யுத்தத்தால் இடம்பெயர்ந்து மல்லாவியில் இருந்த காலத்தில் எனக்கு வந்த கோபமெல்லாம் கடதாசி மீதுதான். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற எங்களுக்குப் புத்தகம் வராது. கடைக்காரருக்குச் சரை சுற்ற மட்டும் எங்கிருந்தோ பழைய சஞ்சிகைகள் வந்துகொண்டே இருந்தன.

ஒரு நாள் சீனி சுற்றி வந்த சரையைப் பிரித்தேன். விஞ்ஞானக் கட்டுரை. ஒரு பற்றீரியாவுக்குள், வேறோர் உயிரின் நொதியத்துக்குரிய பரம்பரையலகை, அதாவது ஜீனை, இரவலாக வைத்தார்களாம். அது வளர்ந்த தட்டு நீலமாகிவிட்டதாம். துணிக்குச் சாயம் போடுகிற அதே அவுரி நீலம்! "அந்தப் பரம்பரையலகு எடுக்கப்பட்டது எதிலிருந்து என்றால்..." என்ற இடத்தில் பக்கம் முடிந்துவிட்டது.

மிச்சப் பக்கத்தைக் கேட்டுக் கடைக்கு ஓடினேன்.

"பிள்ளை, நான் சீனி விக்கிறனோ, பேப்பர் விக்கிறனோ?" என்றார் கடைக்காரர்.

அக்கம்பக்கத்து வீட்டுக் குசினிகளிலும் போய், அந்தப் பக்கத்தில் சுற்றிய சரை வந்ததா என்று கேட்டுப் பார்த்தேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

என்னோடு படித்தவள் ஒருத்தி, கொக்கிளாய்க் கடற்கரையில் இருந்து வந்த பிள்ளை. மீன்பிடியை விட்டு வந்த தகப்பன் தோட்டங்களில் கூலிவேலை செய்து அவளைப் படிப்பித்தார். இந்த முறை பல்கலைக்கழகம் கிடைக்காவிட்டால் படிப்பை விட்டுவிட வேண்டும் என்று வீட்டில் சொல்லியாகிவிட்டது. நான் கட்டுரையைச் சொல்லிக்கொண்டு வந்தபோது, "எதில இருந்து எடுத்தவை?" என்று கேட்டாள். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. நீலம் என்றால் அவுரிச் செடிதானே என்று நானே தீர்மானித்துவிட்டேன்.

"அவுரிச் செடியில இருந்து."

"வாசிச்சனீயோ?"

"ஓம், வாசிச்சனான்."

பரீட்சையில் அந்தக் கேள்வியே வந்து தொலைத்தது: பரம்பரையலகை மாற்றிப் பயனுள்ள இரசாயனம் ஒன்றைச் செய்யும் முறையை உதாரணத்துடன் விளக்குக. எனக்கு அவுரியில் சந்தேகம். பேசாமல் வேறு கேள்வியை எழுதினேன். அவள் அந்த அவுரிச் செடியையே வைத்து இரண்டு பக்கம் எழுதியிருந்தாள்.

பெறுபேறு வந்தது. எனக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தது. அவளுக்குக் கொஞ்சப் புள்ளியில் தவறிப்போயிற்று.

அந்தக் கிழமைக்குள்ளேயே, பருப்பு சுற்றி வந்த சரையில் மிச்சப் பக்கம் வந்தது. இத்தனை மாதமும் கடைக்காரரின் சஞ்சிகைக் கட்டின் அடியில் கிடந்திருக்க வேண்டும். அலுமாரியில் உடுப்புக்கு இடையே போடும் பூச்சி உருண்டை இருக்கிறதே, அதையே தின்று வாழும் இன்னொரு பற்றீரியாவில் இருந்து எடுத்ததாம். நீலமாகும் என்று செய்தவர்களே எதிர்பார்க்கவில்லையாம். செடி கிடி ஒன்றும் இல்லை. கிழித்து எறியலாம் என்றுதான் நினைத்தேன், மனம் கேட்கவில்லை. அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நின்றபடியே முழுவதும் வாசித்தாள். மடித்துத் திருப்பித் தந்தாள்.

"சரி, விடு. நீயும் அவுரி எண்டுதானே எழுதினனீ?"

"ஓம்" என்றேன்.