இடப்பக்கத்துப் பெல்ட்

தாராவி மெக்கானிக் ஒருவரிடம் காட்டாமல் பழைய கார் வாங்காதே என்றார்கள். நான் ஆசைப்பட்டது ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். விற்பவர் தந்த சோதனை அறிக்கையில் எல்லாமே பாஸ். நான் கூட்டிப்போன மெக்கானிக் அதைக் கையில்கூட வாங்கவில்லை.

ஒல்லியான மனிதர், காதோரம் கிரீஸ் கறை. எந்த வண்டியானாலும் முதலில் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து, அடியில் தைத்திருக்கும் துண்டில் வருஷத்தைப் படிப்பார். வலப்பக்கம் படித்தார். இடப்பக்கம் ஏறி உட்கார்ந்து படித்தவர், சட்டென்று இறங்கிச் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறினார்.

"என்னாச்சு?"

"இந்தப் பெல்ட்டு மட்டும் மூணு வருஷம் பெறவு மாத்துனது சார்."

"எதுக்கு மாத்தினாங்க?"

"ஆள வெளிய எடுக்கதுக்குப் பழச வெட்டியிருப்பாவ."

அவர் இறங்கிப் போய் பானெட்டைத் திறந்து பார்த்தார், பிறகு வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார்.

"எஞ்சின் சுத்தம். சேசிஸும் நேரா இருக்கு. உங்கள நடுவழியில விடாது, எடுத்துக்கிடுங்க" என்றார்.

எடுத்துக்கொண்டேன். இரண்டு வருடமாக ஒருநாளும் நின்றதில்லை. மனைவியிடம் எதையும் சொல்லவில்லை. இடப்பக்கம் ஏறும்போது மட்டும் செருப்பைக் கழற்றச் சொல்கிறேன், கார்பெட் அழுக்காகிவிடும் என்று.