குழாய்க்கடை நாலோங்கோ

“மேட்டுலயா, பள்ளத்துலயா?”

கடைக்கு வந்தவர் குசலம் விசாரித்து, பிள்ளைகள் நலமா, மாடு கன்று நலமா என்று கேட்டு முடிப்பதற்குள் நாலோங்கோ இதைக் கேட்டுவிடுவாள். எங்கள் கம்பாலாவில் அது மரியாதைக் குறைவு. அவளுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. வீடு குன்றின் மேலே என்றால் தண்ணீர் நூலாக வரும், பள்ளத்தில் என்றால் பீய்ச்சியடித்துச் சட்டையை நனைக்கும். அது தெரியாமல் ஒரு குழாயைக்கூட அலமாரியிலிருந்து இறக்க மாட்டாள்.

இரட்டைப் பிள்ளை பெற்றவளை நாங்கள் நாலோங்கோ என்றுதான் அழைப்போம். அவளுடைய சொந்தப் பெயர் எனக்கே சட்டென்று ஞாபகம் வராது. நத்தேத்தே கடைத்தெருவில் அவளுடைய குழாய்க்கடைக்கும் என் பெயிண்ட் கடைக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்புதான். பன்னிரண்டு வருடமாக அவள் வியாபாரம் செய்யும் அழகை ஓசியில் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த கேள்வி இன்னும் மோசம். “வீட்டுலயே பெரிய பாத்திரம் எது? கையால காட்டுங்க.” கோட்டுப் போட்ட கனவானாக இருந்தாலும் வாசலில் நின்று இல்லாத அண்டாவைக் கட்டிப்பிடித்துக் காட்ட வேண்டும். பிறகு அதை இல்லாத சிங்க்கில் வைத்துத் தேய்த்தும் காட்ட வேண்டும். ஒரு பள்ளித் தலைமையாசிரியர், “நான் பாத்திரம் கழுவுறதில்லம்மா” என்றார். “அப்ப கழுவுறவங்களை அனுப்புங்க, குழாய் அவங்களுக்குத்தானே?” என்று திருப்பி அனுப்பிவிட்டாள். இவள் எங்கே உருப்படப் போகிறாள் என்று நினைத்தேன். மறுநாள் அவர் மனைவி வந்து, சிரித்துக்கொண்டே கழுவிக் காட்டி, இரண்டு குழாய் வாங்கிப் போனார்.

இத்தனை கேள்வி கேட்கிறவள் ஒரே ஒருவரிடம் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவளுடைய அத்தை நாமுதேபி. அப்பாவின் அக்கா. எங்களில் அத்தை என்றால் மண்டியிட்டுத்தான் பேச வேண்டும். அவர் கேட்பார், நாம் பதில் சொல்வோம். குறுக்குக் கேள்வி கேட்கிற வழக்கமே கிடையாது.

அத்தைக்கு முத்துண்ட்வே குன்றின் மேல் வீடு, விருந்துச் சமையல் தொழில். முப்பது வருடம் தரையில் மண்டியிட்டு அண்டா தேய்த்ததில் இடுப்பு போய்விட்டது. இனியும் தரையில் தேய்த்தால் படுக்கைதான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நின்றபடி கழுவலாம் என்று, மூடிப்போன ஹோட்டல் ஒன்றிலிருந்து இரட்டைத் தொட்டி சிங்க் வாங்கிப் போட்டார். ஒரு கன்றுக்குட்டியைக் குளிப்பாட்டலாம், அவ்வளவு பெரிது. குழாய் என் அன்பளிப்பு என்று நாலோங்கோ கடையிலேயே அழகானதை எடுத்துக் கொடுத்தாள். பளபளவென்று கொக்குக் கழுத்து, சல்லடை வாய், தூவலாகக் கொட்டும் தண்ணீர். அத்தையை வாசலில் நிறுத்தி அண்டாவைக் காட்டச் சொல்ல முடியுமா? கேட்காமலேயே கொடுத்துவிட்டாள்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை, அந்தப் பக்கம் பெயிண்ட் இறக்கப் போன என் வண்டியில் அவளும் அத்தையைப் பார்க்க வந்தாள். கொல்லையில் அத்தை ஒரு கையைத் தரையில் ஊன்றி, மண்டியிட்டு அண்டா தேய்த்துக்கொண்டிருந்தார். உள்ளே சிங்க் காய்ந்து கிடந்தது. குழாய்க்குப் பின்னல் துணியில் வெள்ளைத் தொப்பி போட்டு வைத்திருந்தார்.

நாலோங்கோ தொப்பியைக் கழற்றிவிட்டுத் திறந்தாள். தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தது. கழுத்தைத் திருப்பினால் இரண்டாவது தொட்டிக்கு எட்டவே இல்லை.

“ஏன் அத்தை எங்கிட்ட சொல்லல?”

“நீ ஆசையா குடுத்தது. ஊருக்கே குழாய் விக்கிறவ குடுத்தது சரியில்லன்னு நானே சொல்லவா? விடு. இந்தச் சனிக்கிழமைக் கல்யாணத்தோட நிறுத்திக்கிறேன். அண்டாவெல்லாம் வித்துடலாம்னு இருக்கேன்.”

நாலோங்கோவின் முகம் செத்துப்போனது. அவள் அத்தை முன்னால் மண்டியிட்டாள். எழுந்திருக்கவில்லை.

“கோவிச்சுக்காதீங்க அத்தை. உங்ககிட்டயும் கேட்டுத்தான் ஆகணும். பெரிய அண்டா எது? எப்படிக் கழுவுவீங்க? காட்டுங்க.”

போச்சு, இன்றைக்கு இவள் தொலைந்தாள் என்று நான் வாசலைப் பார்த்து நகர்ந்தேன். அத்தை அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“தண்ணியில்லாமயா?”

“தண்ணியில்லாமதான்.”

நானும் நாலோங்கோவும் அண்டாவைத் தூக்கிச் சிங்க்கில் வைத்தோம். அத்தை வெறும் அண்டாவைத் தேய்க்க, இவள் சாணால் அளந்தாள். அண்டா விளிம்பு குழாயின் வாயை இடித்தது. அத்தைக்கு இடது தோள் மேலே ஏறவில்லை. வாழைக்காய் உரித்த கறைக் கையால் குழாய்த் திருகைப் பிடித்தால் வழுக்கியது.

“டாங்க் எங்க வச்சிருக்கீங்க?”

“கோழிக்கூட்டு மேல.”

ஆள் உயரக் கோழிக்கூடு! அங்கிருந்து தண்ணீர் எப்படி வேகமாக வரும்? எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “சிரிக்காதீங்க பெயிண்ட்காரரே, இதைக்கூடக் கேக்காம விட்டது நான்தான்” என்றாள்.

மறுநாள் என் வண்டியிலேயே அவள் கொண்டுவந்த குழாய் பார்க்கவே சகிக்கவில்லை. சுவரில் பொருத்துகிற மாதிரி, பருத்த மூக்கு, இரண்டு தொட்டிக்கும் எட்டி அண்டாவுக்கு மேலேயே திரும்புகிற நீளக் கை, முழங்கையால் தள்ளினால் திறக்கிற பிடி. வாயில் சல்லடை கிடையாது, குறைந்த தண்ணீரும் தடையில்லாமல் வரும். “ஆஸ்பத்திரிக் குழாய் மாதிரி இருக்கு. பழசே லட்சணமா இருந்துச்சே” என்றார் அத்தை. நாலோங்கோ சிங்க்குக்கு அடியில் நுழைந்தாள். இரண்டு மணி நேரம் முக்கலும் முனகலும்தான் கேட்டன.

“தள்ளுங்க அத்தை.”

அத்தை முழங்கையால் தள்ளினார். கோழிக்கூட்டு உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீருக்கு அது வந்ததே பெரிது. கட்டை விரல் மொத்தத்துக்கு, தெறிக்காமல், நேராக அண்டாவுக்குள் விழுந்தது. அப்பாடா! அத்தை நிமிர்ந்து நின்றபடியே தேய்த்தார். மூக்கைத் திருப்பி அடுத்த தொட்டியில் அலசினார். “அடுத்ததைக் கொண்டா” என்றார். மூன்றாவது அண்டா முடிந்தபோதும் இடுப்பைப் பிடிக்கவில்லை.

“விக்கிறதுல எனக்கு ஒரு அண்டா குடுங்கம்மா” என்றேன்.

“எதுக்கு, பெயிண்ட் கலக்கவா? போய்யா அந்தப் பக்கம். அடுத்த மாசம் ரெண்டு விருந்து ஒத்துக்கிட்டிருக்கேன்.”

எப்போது ஒத்துக்கொண்டார் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அந்த நிமிஷத்தில்தான் ஒத்துக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

நாலோங்கோ துருவும் கிரீஸும் அப்பிய கைகளோடு ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். நன்றாயிருக்கிறதா என்றுகூட அவள் கேட்கவில்லை. அத்தை அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, இரண்டு கைகளையும் தண்ணீருக்கு அடியில் வைத்து, சோப்பை எடுத்து விரல் விரலாகத் தேய்த்துவிட ஆரம்பித்தார்.