மேற்கு வரப்போரம் நின்ற நெல்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு தை மாதம். வலங்கைமான் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் என் மகளுக்குத் திங்கட்கிழமை காலை முகூர்த்தம். முதல் நாள் இரவு வரவேற்பு. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். படிப்பு வராவிட்டாலும் கவலைப்பட மட்டும் நன்றாக வரும். "கவலைப்பட ஒன்னும் இல்லேன்னா அதுக்கும் சேத்துக் கவலைப்படுவீங்க" என்பாள் என் மனைவி.

மகள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மண்டபத்து லைட்டில் எத்தனை படம் வேண்டுமானாலும் எடுக்கட்டும். பட்டுப்புடவையோடு, விளைந்த நெல்லுக்கு நடுவே, சாயங்கால வெயிலில் ஒரு படம் வேண்டும். போட்டோகிராபரும் முன்கூட்டியே வந்து ரோட்டோரம் ஒரு வயலைப் பார்த்து வைத்தார். "ஞாயித்துக்கெழம அஞ்சரை மணி வெயில், அண்ணே. மஞ்சளா சாயும். கொஞ்ச நேரந்தான், விட்டா போச்சு" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம். கல்யாணப் பெண் அந்த நேரத்தில் வாசல் தாண்டுவதா? தூக்கமே போனது. கடைசியில் மனைவிதான் வழி சொன்னாள். "நாலு மணிக்கே கிளம்பிட்டா ராகு காலம் என்ன பண்ணும்? அங்க போயி உக்காந்திருங்க."

அப்படியே கிளம்பினோம். மழைக்குக் குடை, சேற்றுக்குத் துண்டு, எல்லாம் எடுத்துக்கொண்டேன்.

போய்ப் பார்த்தால் நெல்லைக் காணோம்! காலையிலேயே மெஷின் வந்து அறுத்துவிட்டிருந்தது. வெறும் நெல்தாளும் சக்கரத் தடமும்தான். தையில் விளைந்த வயல் யாருக்காகக் காத்திருக்கும்? இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது ஒன்று மட்டும் தோன்றவில்லை. வயல்காரர் யாரென்றுகூட விசாரிக்கவில்லை. மகள் காரைவிட்டு இறங்கவே இல்லை. கண் மை கலையக் கூடாதே என்று அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வயலில் அதே மெஷின் இறங்கிக்கொண்டிருந்தது. வரப்பில் நின்ற அம்மாதான் அந்த வயலுக்குச் சொந்தக்காரர். எனக்கு முன்பின் தெரியாதவர். ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் கிழக்கே பார்த்தார். மேகம் கட்டியிருந்தது. நனைந்தால் அத்தனை நெல்லும் வீண்.

"பொண்ணு காருக்குள்ளயா இருக்கு? புழுங்கிப் போயிடுமே. எறங்கி வரச் சொல்லுங்க" என்றார். பிறகு மெஷின் டிரைவரிடம், "தம்பி, கெழக்கேருந்து புடி. மேக்கால வரப்போரம் இருக்கறதக் கடைசியா பாத்துக்கலாம்."

"மழ வந்தா என்னைச் சொல்லக் கூடாதுக்கா."

"மழ என்ன உன்னைக் கேட்டுக்கிட்டா வருது? நீ ஓட்டு."

வெயில் சாயும் வரை அந்த நெல் நின்றது. மகள் வரப்பில் போய் நின்றாள். மெஷின் கிளப்பிய தூசு காற்றில் எங்கள் பக்கமே வந்தது. புடவை போச்சு என்று துண்டோடு ஓடினேன்.

"அண்ணே, குறுக்க வராதீங்க!" என்று போட்டோகிராபர் கத்தினார். நின்று பார்த்தேன். சாய்ந்த வெயில் அந்தத் தூசில் பட்டு, வயல் முழுக்க மஞ்சள் பொடி தூவியது போல் இருந்தது. "பொண்ணே, தும்மிடாத!" என்றார் அந்த அம்மா. மகள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் படம்.

வரவேற்புக்கு அவரையும் அழைத்தேன். "நெல்ல ஏத்தணுமேங்க. நல்லா இருக்கட்டும் பொண்ணு" என்று சொல்லிவிட்டு மெஷின் பக்கம் நடந்துவிட்டார். நல்லவேளை, அன்று மழை வரவில்லை.

நான் பயந்தது எதுவும் நடக்கவில்லை. நடந்ததையோ நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. கவலைப்படுவதை இன்னும் விடவில்லைதான். ஆனால் யாரோ ஒருவர், தலைக்கு மேல் மேகத்தை வைத்துக்கொண்டு, விளைந்த நெல்லை என் மகளுக்காக நிறுத்தி வைத்தார் என்று நினைக்கும்போது மட்டும், என் மனசு எதற்கும் பயப்படுவதில்லை.