ஜீப்பில் இல்லாத ரிலே

என் பழைய ஜீப்பில் மலிவு விலைக் கூடுதல் விளக்குகளை மாட்டித் தந்தவன் என் நண்பன். சுவிட்ச் சூடாகாமலிருக்க ரிலேயும், வயர் எரியாமலிருக்க ஃபியூசும் நானே வாங்கிக் கொடுத்திருந்தேன். காடுமேடுகளில் ஜீப் ஓட்டும் எங்கள் ஆஃப்ரோடு கூட்டத்தில் நண்பன் செய்த வயரிங்கைப் பிரித்துப் பார்ப்பது அவமரியாதை, நானும் பார்க்கவில்லை.

மறுவாரம் இரவில் அந்த விளக்குகளைப் போட்டுக்கொண்டு மகளுடன் வரும்போது பீர்க்கன்கரணை ஏரி அருகே டேஷ்போர்டு புகைந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுத் தேடினால், ரிலே, ஃபியூஸ் இரண்டுமே இல்லை. சுவிட்சிலிருந்து நேராக விளக்குக்கு வயர் போயிருந்தது.

போனில் கேட்டேன். "ரிலே எங்கடா?"

"என் வண்டில மாட்டிகினேன் மச்சான். காட்டுக்குள்ள போறது நான்தானே? தாம்பரம் சிக்னல்ல நிக்கிற உனக்கு இன்னாத்துக்கு?"

"வண்டில பாப்பா இருந்தாடா."

"ஒண்ணும் ஆவலல்ல? வுடு."

வேலை முடிந்த அன்று, முதன்முதலாக அந்தச் சுவிட்சைப் போட அவன் என் மகளைத்தான் கூப்பிட்டான். அதைத்தான் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.