கல் இல்லை என்ற தந்தி

அம்மாவின் மரணப் பதிவின் நகல் என்னிடம் இருக்கிறது. புன்னைக்காயல் மாதா கோயில் பதிவேட்டைப் பார்த்து நானே எழுதி எடுத்தது. காரணம் என்ற இடத்தில் ‘மஞ்சள் காமாலை’ என்று மட்டும் உள்ளது. 1977இல் அக்காவுக்கு வலது விலாவுக்குக் கீழே வலி வந்து, இரண்டு முறை கண் மஞ்சளித்தபோது, எங்கள் இருவருக்கும் அந்தப் பதிவுதான் நினைவுக்கு வந்தது.

மதராசில் வாய்வழியே குழாய் இறக்கி, சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். புனித வெள்ளிக்கு மறுநாள் தூத்துக்குடியில் எங்கள் டாக்டர் படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “பித்தப்பையில் கல் இல்லை” என்றார். அக்காவின் கணவர், என் அத்தான், தோணித் தண்டல்; சரக்குத் தோணியை ஓட்டிப்போகும் தலைவர். அப்போது சரக்கோடு கொச்சியில் இருந்தார். நான் துறைமுகத்தில் குமாஸ்தா. அக்காவை அங்கேயே உட்காரவைத்துவிட்டு ஓடிப்போய், “கல் இல்லை, கவலை வேண்டாம்” என்று அவருக்குத் தந்தி கொடுத்தேன்.

திரும்பி வந்த பிறகுதான் மீதியைக் கேட்டேன். பித்தநாளமும் கணைய நாளமும் குடல் சுவருக்குள் வந்து சேர வேண்டும். அக்காவுக்கு ஒரு விரல் அகலம் முன்னதாகவே, சுவருக்கு வெளியே சேர்ந்திருந்தன. கணைய நீர் பித்தநாளத்தில் ஏறிப் பித்தப்பையில் தேங்குகிறது. அதன் உட்தோலை அரிக்கிறது. இப்படிப்பட்ட பைகளில் பிற்காலத்தில் புற்று வரலாம் என்று சிலர் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள், பையை எடுத்துவிடுவது நல்லது என்றார் டாக்டர்.

இதைத் தந்தியில் சொல்லத் தெரியாமல் கடிதம் எழுதினேன். அது போய்ச் சேர்வதற்குள் அத்தான், கவலை இல்லை என்று நம்பி, கூரை ஓடு ஏற்ற மங்களூருக்குப் போய்விட்டார். தண்டல் கரையில் இல்லாமல் அவர் மனைவிக்கு ஆபரேஷன் என்றால் எங்கள் தெருவில் யாரும் சம்மதிக்க மாட்டார்கள். முப்பத்தாறு நாள் காத்திருந்தோம்.

வந்தவர் என்னைத்தான் பிடித்தார். “கல்லு இல்லன்னு நீதான மச்சான் தந்தி அடிச்ச? பொறவு எதுக்கு வயித்தக் கிழிக்கணும்?”

அக்கா விடவில்லை. “தோணியில தண்ணி கசிஞ்சா, பாறையில மோதட்டும்னு காத்திருப்பீகளோ?”

மறுநாள் டாக்டர் எக்ஸ்ரே உறையின் மேல் இரண்டு நாளங்களையும் வரைந்தார். அவை குடலில் திறக்கும் இடத்தில், விரிந்து சுருங்கும் ஒரு தசை வளையத்தையும் போட்டார். அத்தான் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாசல் இங்கன இருக்கு. ரெண்டும் கூடுத எடம் அங்கன, வாசலுக்கு முன்னாடி. அப்ப வாசல் மூடிக் கெடந்தாலும் உள்ளுக்குள்ள கலந்துருமே டாக்டர்?”

“அதேதான். கணையத்தில் அழுத்தம் அதிகம். அதனால் அந்த நீர்தான் இந்தப் பக்கம் ஏறும்.”

“கடல் ஏத்தத் தண்ணி ஆத்துக்குள்ள ஏறுத மாதிரி” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஆபரேஷனுக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார்.

ஜூன் முதல் வாரம் ஆபரேஷன் நடந்தது. பையைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். உட்தோல் தடித்திருக்கிறது, புற்று இல்லை என்று அறிக்கை வந்தது. அக்கா அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு, “நம்ம அம்மைக்கும் இதுதானா, லே?” என்றாள்.

டாக்டரிடம் கேட்டேன். இருக்கலாம், சொல்ல முடியாது என்றார். அம்மாவுக்கு எக்ஸ்ரே எதுவும் எடுக்கவில்லை. பார்த்த வைத்தியரும் உயிரோடு இல்லை. பதிவேட்டில் உள்ள காமாலை எதனால் வந்தது என்பதை இதுவரை என்னால் உறுதி செய்ய முடியவில்லை.