குளத்துக் குழியில் ஜெனிபா

சங்கரன்கோவில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஜெனிபாவும் அவள் கணவன் ஜெர்சோனும் சின்ன ஸ்டுடியோ ஒன்று நடத்துகிறார்கள். வாரமெல்லாம் பாஸ்போர்ட் படம்தான். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஜெனிபா கேமராவோடு ஸ்கூட்டியில் குருவிகுளம் ஊர்க் குளத்துக்குக் கிளம்பிவிடுவாள். தட்டான்களைப் படமெடுப்பதற்குத்தான். லென்ஸை ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுபோனால்தான் தட்டானின் கண்ணில் உள்ள நுண்ணிய கட்டங்கள் படத்தில் விழும். அதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் குத்தவைத்து உட்கார்ந்திருப்பாள். மற்றபடி பயந்த சுபாவம். நீச்சலும் தெரியாது.

போன மார்கழியில் குளம் பாதிக்குமேல் நிறைந்திருந்தது. கோரைத் தண்டு ஒன்றில் சிவப்புத் தட்டான் அசையாமல் உட்கார்ந்திருந்தது. ஜெனிபா செருப்பைக் கழற்றிவிட்டுக் கணுக்கால் தண்ணீரில் இறங்கினாள். கண்ணை கேமராவிலிருந்து எடுக்காமலே மெல்ல முன்னே போனாள். அடுத்து வைத்த காலுக்குத் தரை இல்லை.

கோடையில் மண் அள்ளியவர்கள் விட்டுப்போன குழி அது. சேறு முழங்காலைக் கவ்விக்கொண்டது. ஒரு காலை இழுத்தால் மற்றது இறங்கியது. தண்ணீர் நெஞ்சுக்கு வந்துவிட்டது. கத்த வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடியே மறுபடி முயன்றபோது ஒரு அலறல் வெளிப்பட்டது.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த வள்ளித்தாய் ஓடிவந்தாள்.

"ஏ பிள்ள, காலை உதறாத. உதறுனா இன்னும் உள்ள இழுக்கும்."

ஆட்டுக்குக் குழை பறிக்கும் தொரட்டிக் கம்பை நீட்டினாள். ஜெனிபா ஒரு கையால் பிடித்தாள். வழுக்கியது.

"அந்தப் பெட்டிய விடு. ரெண்டு கையாலயும் பிடி."

விரல் விரிய மாட்டேன் என்றது. தண்ணீர் தாடையைத் தொட்ட பிறகுதான் விரிந்தது. கேமரா முழுகியது. வள்ளித்தாய் கோரைக்குள் குதிகாலை ஊன்றி இழுத்தாள். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேறு விட்டது.

கரையில் கிடந்த ஜெனிபா காலில் ஒட்டிய சேற்றை வழித்தாள்.

"போன மாசம் எங்க கிடா ஒண்ணு இதுலதான் செத்துச்சு," என்றாள் வள்ளித்தாய்.

"இப்படி எத்தனை குழி இருக்குக்கா?"

"யாருக்குத் தெரியும். எல்லாத்தையும் தண்ணி மூடிட்டுல்லா."

ஜெனிபா குளத்தைத் திரும்பிப் பார்த்தாள். ஞாயிறுதோறும் அவள் நடந்து திரிந்த தண்ணீர் அது.

அதன்பின் பல மாதம் அவள் குளத்துப் பக்கம் போகவில்லை. குளியலறைத் தரை ஈரமாக இருந்தால்கூட விரலால் தொட்டுப் பார்த்துத்தான் காலை வைப்பாள். சித்திரையில் குளம் வற்றியது. ஜெர்சோன் வற்புறுத்திக் கூட்டிப்போனான். வெடித்துக் கிடந்த தரையெங்கும் ஆள் உயரப் பள்ளங்கள். அவள் வழக்கமாகக் குத்தவைக்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும் இருந்தன. பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"வீட்டுக்குப் போவோமா?" என்றான் ஜெர்சோன்.

"வேண்டாம். வள்ளித்தாயக்காவைக் கூப்பிடுங்க. முள்ளு வெட்டி அடைச்சிட்டுப் போவோம்."

மூன்று பேருமாக உடைமரத்து முள்ளை வெட்டிப் பள்ளங்களைச் சுற்றி நட்டார்கள். பொழுது சாய்ந்துவிட்டது, பாதிதான் முடிந்தது. மறுவாரமும் போனார்கள்.

இப்போது வேறொரு கேமரா வைத்திருக்கிறாள். தண்ணீரில் இறங்குவதில்லை. கரையில் படுத்துக்கொண்டு எடுக்கிறாள். ஜெர்சோன் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்துக்கொள்கிறான். தட்டானைக் கிட்டப்போய் எடுக்க முடியாமல் பாதிப் படங்கள் கலங்கிப் போகின்றன.